நல்ல புகை கண்ணுக்குத் தெரியாது

ஓர் இயந்திரத்தின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்கிற மனிதர்களிடம் கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும். அவர்களிடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கும். இயந்திரம் நின்றுபோயிருந்தாலும் அது ஏன் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்கு அமைதியாக எடுத்துச் சொல்வார்கள். நான் அப்படிப்பட்ட ஒருத்தி.

அப்போது நான் வெள்ளவத்தையில், காலி வீதியோரம் இருந்த ஒரு சமையலறைச் சாமான் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்திருந்தேன். மிக்ஸி, ரைஸ் குக்கர், ஓவன் எல்லாம் விற்கும் கடை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் வீடோ அதே வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில். அந்த வீட்டுக்குள் ஒரு முட்டைகூட வந்தது கிடையாது. அம்மா பேக்கரிக்குப் போனால், "இந்த கேக்கில முட்டை இருக்கோ?" என்று கேட்பார். இருக்கிறது என்பார்கள். "தெரியும், சும்மா கேட்டனான்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். நான் அந்த அம்மாவின் மகள். கோழி இறைச்சியை நான் கிட்ட நின்று பார்த்ததேயில்லை.

ஒரு நாள் கொள்கலனில் ரைஸ் குக்கர்களோடு சேர்ந்து இரண்டு பெரிய கறுப்புப் பெட்டிகள் வந்து இறங்கின. நான்கு கால், பீப்பாய் மாதிரி உடம்பு, ஒரு பக்கத்தில் புகைபோக்கி. முதலாளி வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றில் பார்த்து மயங்கி ஓர்டர் பண்ணியிருந்தார். வெளியில் வைத்து இறைச்சியைப் புகையிலேயே வேகவைக்கும் பெல்லட் கிரில். கடைக்கு வந்தவர்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஓர் ஐயா இது பிரேதப் பெட்டியின் மாதிரியா என்று கேட்டார். (அவர் மிளகாய் அரைக்கும் மெஷின் வாங்க வந்தவர். அதை வாங்காமலே போய்விட்டார்.)

மனேஜர் ரஞ்சன் சேர் கையேட்டை என் மேசையில் போட்டார். "வாசுகி, நீர்தான் இங்கிலீஷில பெரிய புத்தகமெல்லாம் வாசிக்கிற ஆள். இதைப் பாத்து ஆக்களுக்கு விளங்கப்படுத்தும். ஒண்டு வித்தாலே உம்மட வேலையை நிரந்தரமாக்கித் தாறன்."

"சேர், நான் சைவம்."

"அதுக்கென்ன? மெஷின் இறைச்சி சாப்பிடப்போறேல்லைத்தானே."

கையேட்டைக் கையில் எடுத்தேன். வாசித்தேன். பஸ்ஸில் வாசித்தேன், சாப்பிடும்போது வாசித்தேன். வாசிக்க வாசிக்க அந்த மெஷின்மேல் ஒருவித பாசமே வந்துவிட்டது.

அதன் வேலை உண்மையில் எளிமையானது. ஒரு பக்கத்தில் தொட்டி. அதற்குள் பெல்லட், அதாவது மரத்தூளை இறுக அழுத்திச் செய்த, சுண்டுவிரல் நுனியளவு குச்சிகள். தூரத்திலிருந்து பார்த்தால் மாட்டுத்தீன் மாதிரி இருக்கும். தொட்டிக்கு அடியில் நீளமான ஒரு திருகு. மோட்டார் அதைச் சுற்ற, அது குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவிலுள்ள இரும்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். அங்கே ஒரு கம்பி சிவக்கச் சூடாகி நெருப்பு மூட்டும். ஒரு விசிறி காற்றை ஊதி அந்த நெருப்பை வளர்த்து, சூட்டையும் புகையையும் உள்ளே சுழலவிடும். நெருப்புக்கு மேலே ஒரு தகடு இருப்பதால் இறைச்சியில் சுவாலை படாது. சூடும் புகையும் மட்டும்தான் படும். நீங்கள் வேண்டிய சூட்டைக் குறித்துவிட்டால் போதும். உள்ளே சூடு குறைந்தால் திருகு கூடுதலாகக் குச்சி தள்ளும், கூடினால் குறைத்துக்கொள்ளும். ரஞ்சன் சேர் இதையெல்லாம் ஒரே வரியில் சொல்லிவிடுவார். "ரைஸ் குக்கர் மாதிரித்தான். போட்டிட்டுப் போய்ப் படுக்கலாம்."

அந்த வரியைக் கேட்டுத்தான் ரோஸ்மேரி அக்கா உள்ளே வந்தார். கொட்டாஞ்சேனையில் கேட்டரிங் நடத்துகிறவர். கொட்டாஞ்சேனைக் கல்யாணங்களில் பாதிக்கு அவர் கைச்சமையல்தான் என்று சொல்வார்கள். நான் அவருக்கு திருகு, கிண்ணம், விசிறி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் விளக்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாப் பேசுற மகள். ஆனா பேச்ச நம்பி நான் ஒரு கரண்டிகூட வாங்குறதில்ல. வாற ஞாயித்துக்கிழம என் கடைசி மகளுக்கு முதல்நன்மை, கோயில்ல முதல்முதலா நற்கருணை வாங்குறா. பூசை முடிஞ்சி எல்லாரும் வீட்டுக்குத்தான் சாப்பிட வாறாங்க. நீ மெஷின கொண்டாந்து கோழி போட்டுக் காட்டு. நல்லா வந்தா ரெண்டையும் நானே எடுத்துக்குறேன்."

ரஞ்சன் சேர் எனக்குப் பின்னால் நின்று "ஓம் ஓம் ஓம்" என்று மூன்று தரம் சம்மதம் சொன்னார்.

வீட்டில் அம்மா வேறு கேட்டார். "நீ இறைச்சி அடுப்பு விக்கிறியாம் எண்டு கீழ் வீட்டு மனிசி சொல்லுது. உண்மையோ?"

"அடுப்பைத்தான் விக்கிறன் அம்மா. இறைச்சியை இல்லை."

"ஞாயிற்றுக்கிழமையும் என்ன வேலை?"

"அடுப்பைக் கொழுத்திக் காட்டப்போறன்."

அம்மா சுவாமி அறைக்குள் போய்விட்டார். யாருக்காகக் கும்பிட்டார், எனக்காகவா கோழிகளுக்காகவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஞாயிறு காலை மெஷினைக் கடை லொறியில் ஏற்றினோம். லொறி ஓட்டும் சுனில் வழியெல்லாம் "மேக்க மொக்கத மிஸ்?" என்று, இது என்னவென்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். கொட்டாஞ்சேனை வந்தபோது அது ஒருவகை வொஷிங் மெஷின் என்று அவர் விளங்கிக்கொண்டிருந்தார்.

பிழைபோகக்கூடியதையெல்லாம் நான் முன்கூட்டியே யோசித்திருந்தேன். கொழும்பின் ஈரக்காற்றில் குச்சிகள் ஊதி மாவாகித் திருகை அடைத்துவிடும் என்று கையேட்டில் இருந்தது. அதனால் அவற்றை மூடி இறுகிய வாளியில் கொண்டுவந்தேன். நீளமான வயர் கொண்டுவந்தேன். முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டேன். (சுகாதாரத்துக்கு என்று சொன்னேன். கோழி மணத்துக்குத்தான்.) கடைப் பெயர் போட்ட பதாகையை மெஷினின் முன்பக்கத்தில் அழகாகக் கட்டினேன். சூடு எவ்வளவு என்று காட்டும் சின்னத்திரை அந்தப் பதாகைக்குப் பின்னால் போய்விட்டது. விளம்பரம் முக்கியம் என்று ரஞ்சன் சேர் சொல்லியிருந்தார்.

ரோஸ்மேரி அக்கா மசாலா தடவிய முழுக்கோழிகளை ஒரு பெரிய தட்டில் கொண்டுவந்தார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்களே வையுங்கோ அக்கா. அப்பதான் உங்களுக்குக் கை பழகும்" என்றேன். இதை ஒரு தொழில்முறை விதி மாதிரி சொன்னேன். அவர் வைத்தார். மூடினோம். பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் புகைபோக்கியால் முதலில் வெள்ளையாக, பிறகு மெல்லிய நீலமாகப் புகை வந்தது. எல்லோரும் கைதட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள். நான் தெருமுனைக் கடையில் பால் விடாத ஒரு பிளேன்டி குடிக்கப் போனேன். படுக்கவே போகலாம் என்று ரஞ்சன் சேரே சொல்லும்போது பிளேன்டிக்கு என்ன?

திரும்பி வந்தபோது முற்றத்தில் பாட்டுக் கச்சேரிக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. ரோஸ்மேரி அக்காவின் அண்ணன் ஸ்டீபன் அங்கிள் கீபோர்ட் வாசிப்பவர். மனிதர் பெரிய ஸ்பீக்கர்களோடு வந்திருந்தார். பைலா என்கிற துள்ளல் பாட்டு ஆரம்பமாகியது. நான் மெஷினுக்குப் பக்கத்தில், அதாவது கொஞ்சம் தள்ளி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நாற்காலி போட்டுக் காவலிருந்தேன்.

பூசை முடிந்து ஆட்கள் வந்தார்கள். ரோஸ்மேரி அக்காவின் மகளும் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளும் வெள்ளைச் சட்டையும் தலையில் வெள்ளை முக்காடுமாக முற்றம் முழுக்க ஓடித்திரிந்தார்கள்.

"மகள், புகை ஒண்ணும் வரலியே?" என்று ரோஸ்மேரி அக்கா கேட்டார்.

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். "நல்ல புகை கண்ணுக்குத் தெரியாது அக்கா. கெட்ட புகைதான் வெள்ளையாத் தெரியும். இப்ப உள்ளுக்கு மிகவும் நல்ல புகை போய்க்கொண்டிருக்கு."

ஒரு மாமா மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆ, சுடுது!" என்று கையை உதறினார். நான் பெருமையோடு தலையாட்டினேன். கொட்டாஞ்சேனை வெயிலில் காலையிலிருந்து நிற்கிற கறுப்பு இரும்பு. வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைத் தொட்டிருந்தாலும் சுட்டிருக்கும்.

"ஒருக்கா திறந்து பாக்கலாமா?"

"திறக்கக்கூடாது அக்கா. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ள சூடெல்லாம் வெளியே போயிடும். பிறகு வேக இன்னும் நேரமெடுக்கும்."

"வாசமும் வரலியே?"

"மூடி அவ்வளவு இறுக்கமா இருக்கு."

ரோஸ்மேரி அக்கா இருபது வருடமாகச் சமைத்துக்கொண்டிருப்பவர். அவருடைய மூக்கு ஏதோ சொல்லியிருக்கவேண்டும். ஆனால் நான் பேசிய விதம் அப்படி. ஒன்றிரண்டு பேர் என்னைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கத் தொடங்கிவிட்டார்கள். குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைத்தால் இறைச்சி எப்படிப் பஞ்சாகும் என்று விவரித்தேன். நான் அதுவரை பஞ்சை மட்டும்தான் தொட்டிருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. பங்குத் தந்தை வந்தார். பாட்டு நின்றது. எல்லோரும் மெஷினைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். பிள்ளைகள் முன்வரிசை. ஃபாதர் கையை நீட்டி, இந்த உணவையும் இதைச் சமைத்த கைகளையும் ஆசீர்வதிக்கும்படி செபித்தார். நான் என் கைகளைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டேன். ஆமென். ரோஸ்மேரி அக்கா கண் காட்ட, நான் மூடியைத் திறந்தேன்.

கோழிகள் காலையில் எப்படிப் படுத்திருந்தனவோ அப்படியே படுத்திருந்தன. அதே ரோஸ் நிறம். அதே மசாலா. ஒன்றின் காலில் மட்டும் இலேசாகச் சாம்பல் படிந்திருந்தது.

ஃபாதர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "நான் கொஞ்சம் சுருக்கமாச் செபிச்சிட்டேன் போல" என்றார்.

நான் பதாகையைத் தூக்கினேன். திரை கறுப்பாக இருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். முற்றத்தைக் கடந்து, விறாந்தையைக் கடந்து, அது ஒரு பூச்சாடிக்குப் பின்னால் போய் முடிந்தது. யாருடைய காலும் தடுக்காமல் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. விறாந்தையில் இருந்த ஒரேயொரு பிளக்கில் கீபோர்ட் வயர் குத்தியிருந்தது.

ஸ்டீபன் அங்கிள் கூச்சமேயில்லாமல் முன்னால் வந்தார். "நான்தான் புள்ள கழட்டுனேன். எல்லாரும் கோயிலுக்குப் போன கையோட. அடுப்புன்னு தெரியும். ஆனா விறகு அடுப்புன்னாங்க. விறகு அடுப்புக்கு எதுக்கு கரண்ட்?"

நான் அப்போது செய்திருக்கவேண்டியது மன்னிப்புக் கேட்பது. நான் செய்தது விளக்கம் கொடுத்தது. திருகைச் சுற்ற மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும், கம்பி சிவக்கக் கரண்ட் வேண்டும், விசிறிக்குக் கரண்ட் வேண்டும், சூட்டைப் பார்த்து முடிவெடுக்கிற மூளைக்கும் கரண்ட் வேண்டும், கரண்ட் இல்லாவிட்டால் இது வெறும் இரும்புப் பெட்டி என்று, பசியோடு நின்ற அத்தனை பேருக்கும் தெளிவாக எடுத்துச் சொன்னேன். அந்த மெஷினைப் பற்றி என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை. ஸ்டீபன் அங்கிள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கேஸ் அடுப்பு சுகம்தானே?" என்றார்.

ரோஸ்மேரி அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நல்லது. "மகள், புள்ளைங்க பசியில நிக்குதுங்க" என்றார்.

அவ்வளவுதான். எனக்குள் இருந்த கையேடு முழுவதும் பறந்துபோய்விட்டது. வயரைக் குத்திவிட்டு ஓடிவந்து மூடியை மூடி, சூட்டை உச்சத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். நெருப்பு வரவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடியும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் திருகு கடமை தவறாமல் புதிதாகக் குச்சிகளைக் கிண்ணத்துக்குள் தள்ளியது. பாதியில் அணைந்த மெஷினை மறுபடி மூட்டுமுன் கிண்ணத்தை வெறுமையாக்கவேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் காலையில் ரோஸ்மேரி அக்காவுக்கு மனப்பாடமாக ஒப்புவித்திருந்தேன்.

குவிந்துகிடந்த குச்சிகள் புகையத் தொடங்கின. புகைபோக்கியால், மூடி இடுக்கால், நாலு பக்கத்தாலும் தடித்த வெள்ளைப் புகை வந்தது. நான் பழக்கதோஷத்தில், "இதுதான் கெட்ட புகை" என்று ஃபாதருக்குச் சொன்னேன். அவர் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார். புத்திசாலி மனிதர்.

அடுத்தது "டும்" என்று ஒரு சத்தம். மூடி தானாகவே எழும்பித் திறந்து, தானாகவே விழுந்து மூடிக்கொண்டது. உள்ளே சேர்ந்திருந்த புகை ஒரேயடியாகப் பற்றியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாம்பலும் கரியும் மேலே போய், சாவகாசமாக யோசித்துவிட்டு, முற்றம் முழுக்க இறங்கின. வெள்ளைச் சட்டைகளில், வெள்ளை முக்காடுகளில், மூன்றடுக்கு கேக்கின் வெள்ளை ஐசிங்கில். ஸ்டீபன் அங்கிள் ஒரே ஓட்டமாக ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். அதில் அவருக்கு ஏற்கெனவே அனுபவம் இருந்தது. பிறகு சோடாப் போத்தல் வைத்திருந்த ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து மெஷினுக்குள் கவிழ்த்தார்.

ஈரச்சாம்பலுக்கு நடுவில் கோழிகள் கிடந்தன. இப்போதும் வேகவில்லை.

ரோஸ்மேரி அக்காவின் மகள், முக்காடு முழுக்கக் கரியோடு என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆன்டி, இன்னொருக்கா செய்யுங்களேன்!"

ரோஸ்மேரி அக்கா கோழிகளை ஒரு கறுப்புப் பையில் போட்டுக் கட்டச் சொன்னார். போனை எடுத்துத் தெருமுனை ஹோட்டலுக்குக் கொத்து ரொட்டி சொன்னார். முதல்நன்மைக்கு வந்த பிள்ளைகள் கொத்து வருகிறது என்று கேட்டதும் போட்ட சத்தம் டும்மைவிடப் பெரியது. கேக்கின் மேல்தோலை ஒரு கத்தியால் வழித்து எடுத்தார். உள்ளே கேக் நன்றாகத்தான் இருந்தது என்று சொன்னார்கள்.

நான் லொறியின் பின்பக்கத்தில், நனைந்த மெஷினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேலை போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது. அது அவ்வளவு வலிக்கவில்லை. இருபது வருடம் ஊருக்கெல்லாம் சாப்பாடு போட்ட ஒரு மனுசி, தன் பிள்ளையின் விசேஷத்துக்குக் கடைச் சாப்பாடு வாங்கவேண்டி வந்ததே, அதுதான் வலித்தது. மாஸ்க்கைக் கழற்றாமல் அழுதேன். மாஸ்க் வைத்திருப்பதில் அப்படி ஒரு வசதி.

கொஞ்ச நேரத்தில் ரோஸ்மேரி அக்கா ஒரு பார்சலோடு வந்தார். "இந்தா, சாப்பிடு. மரக்கறிக் கொத்து. முட்டை போடாமச் செய்யச் சொன்னேன்."

நான் சைவம் என்று அவரிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "எப்படித் தெரியும் அக்கா?"

"கோழியப் பாத்து நீ கையக் கட்டிக்கிட்டு நின்னப்பவே தெரியும். உங்க மனேஜருக்குத்தான் மூளையில்ல." போகும்போது திரும்பிப் பார்த்து, "ரைஸ் குக்கர் இருக்கா உங்க கடையில? பெரிய சைஸ்?" என்று கேட்டார்.

மறுநாள் வந்து ஆறு வாங்கினார். அதனால் என் வேலை தப்பியது. ரஞ்சன் சேர் என்னை ரைஸ் குக்கர் பக்கத்துக்கு மாற்றினார். அந்த இரண்டு கறுப்பு மெஷினையும் பிறகு நீர்கொழும்பில் யாரோ ஹோட்டல்காரர் பாதி விலைக்குக் கொண்டுபோனார்.

வீட்டில் நான் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது, தலைமயிரிலிருந்து சாம்பல் கொட்டிக்கொண்டிருந்தது. முழுவதையும் கேட்ட அம்மா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப, கடைசிவரைக்கும் ஒரு கோழியும் வேகேல்லையோ?"

"இல்லையம்மா."

அம்மாவின் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் ஒரு மானக்கேடான கதையாக இல்லாமல் ஒரு புராணமாக மாறிவிட்டது. கிருலப்பனைச் சித்தி வந்தால் சொல்வார். தெஹிவளை கோயிலில் பூசைக்கு மணியடிக்கக் காத்திருக்கும்போது பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்வார். பிளக், கீபோர்ட் எல்லாம் அம்மாவின் கதையில் கிடையாது.

பிறகு ஒரு நாள் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் சுத்த சைவம். மாப்பிள்ளையின் அம்மா வடையைப் பிட்டுக்கொண்டே, இறைச்சி அடுப்பு விற்கிற கடையில் பிள்ளை வேலை செய்ததாகக் கேள்விப்பட்டோமே என்று மெல்ல இழுத்தார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓம், செய்தவள்தான். ஒரு நாள் காலமையிலயிருந்து மத்தியானம் மட்டும் கோழியை அடுப்பில வைச்சிருந்தவள். ஃபாதர் வந்து செபம் பண்ணியும் பாத்தவர். நெருப்பு வெடிச்சும் பாத்தது. என்ர பிள்ளையின்ர கையால ஒரு கோழியும் வேகேல்லை. அவ்வளவு சுத்தமான கை."

மாப்பிள்ளை குனிந்து தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அவருடைய அம்மா வடையை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, என் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது நல்ல விஷயம்தான் அக்கா," என்றார். "ஆனா, சோறு வேகும்தானே?"

கல்யாணமாகி இத்தனை வருடமாகியும், நான் அந்த வீட்டுக் குசினிக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. மாமி மட்டும் சிரிக்காமல் கேட்பார்.